பிறவி இதயக் குறையுள்ள குழந்தை: பெருநகரத்துக்கு வெளியே வாழும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு பிறவிக் குறை இருக்கும். இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிறப்பதாகக் குழந்தை இதய மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதல் வயது முடிவதற்குள் அறுவையோ வேறு சிகிச்சையோ தேவை.

இந்தக் குறை ஊர் பார்த்து வருவதில்லை. சிகிச்சை மட்டும் ஊர் பார்த்தே கிடைக்கிறது. நாட்டிலுள்ள குழந்தை இதய அறுவை மையங்களில் பெரும்பகுதி தென் மாநிலங்களிலும் சில பெருநகரங்களிலும் குவிந்திருக்கிறது. அதிகக் குழந்தைகள் பிறக்கிற உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அவை மிகக் குறைவு. பீகார் அரசு 2021இல் ‘பால் ஹிருதய் யோஜனா’ என்ற திட்டத்தைத் தொடங்கி, பாட்னாவிலிருந்து குழந்தைகளை விமானத்தில் ஏற்றி அகமதாபாத்துக்கு அனுப்பி இலவசமாக அறுவை செய்துவருகிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் சிகிச்சைக்கு இத்தனை தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதையும் அது காட்டுகிறது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கும் இதே கதைதான். பச்சிளங் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரும்பாலும் கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இவற்றோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டின் நிலை பரவாயில்லைதான். ஆனால் சென்னையில் பிறந்த குழந்தைக்கும், ராமநாதபுரத்துக் கடலோரத்திலோ ஜவ்வாது மலையிலோ பிறந்த குழந்தைக்கும் ஒரே வாய்ப்பு இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறையைக் கண்டுபிடிப்பதில் சில வாரங்கள், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுப்பதில் சில வாரங்கள், காப்பீட்டு அட்டைக்குச் சில வாரங்கள் என்று சிறுகச் சிறுகப் போகும் காலம்தான் தூரத்து ஊர்க் குழந்தையின் உயிரை எடுக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு நாளை மிச்சப்படுத்தலாம் என்று சொல்வதற்கே இந்த வழிகாட்டி.

படி 1: கர்ப்பத்திலேயே பார்த்துவிடுங்கள்

கர்ப்பத்தின் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன் அது. ‘நான்கு அறைகளும் தெரிகின்றனவா, இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் சரியாகக் கிளம்புகின்றனவா’ என்று ஸ்கேன் எடுப்பவரிடம் கேளுங்கள். அவர் எரிச்சல்பட்டாலும் கேளுங்கள்.

தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை நோய், குடும்பத்தில் யாருக்காவது பிறவி இதயக் குறை, வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகள், ஸ்கேனில் சந்தேகம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கருவின் இதயத்தை மட்டும் பார்க்கும் ‘ஃபீட்டல் எக்கோ’ தேவை. அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, போய் வந்துவிடுங்கள்.

கருவிலேயே கடுமையான குறை தெரிந்துவிட்டால் அடுத்து எடுக்க வேண்டிய முடிவு, பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பது. குழந்தை இதய மையம் இருக்கும் ஊரிலேயே பிரசவம் நடக்கட்டும். ஒரு குழந்தையைப் பத்திரமாக இடம்மாற்றத் தாயின் வயிற்றைவிட நல்ல வாகனம் கிடையாது. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தை இந்த ஒருமுறை தள்ளிவையுங்கள்.

படி 2: பிறந்த ஒரு நாளில் ஆக்சிஜன் அளவு

கருவில் தெரியாமல் போன கடுமையான குறைகள் பலவற்றைப் பிறந்த மறுநாளே பிடித்துவிடலாம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தப் பல்ஸ் ஆக்சிமீட்டர்தான் கருவி. ஆனால் பெரியவர்களின் விரலுக்கான கிளிப் பச்சிளங் குழந்தைக்கு உதவாது. சிறு பட்டைபோல் கையிலும் காலிலும் சுற்றும் குழந்தைகளுக்கான சென்சார் வேண்டும்.

பிறந்து 24 மணி நேரம் ஆனபின் வலது கையிலும் ஏதாவது ஒரு பாதத்திலும் பார்க்க வேண்டும். இரண்டிலும் 95 அல்லது அதற்கு மேல் இருந்து, இரண்டுக்கும் இடையே 3க்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால் நல்லது. எதிலாவது 90க்குக் கீழ் இருந்தால் அன்றே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இடையில் இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வலியில்லாத சோதனை. சில நிமிட வேலை. டிஸ்சார்ஜ் ஆகும் முன் ‘பாப்பாவுக்குக் கையிலும் காலிலும் ஆக்சிஜன் பார்த்தீர்களா சிஸ்டர்?’ என்று கேட்டு, பார்த்த அளவை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையில் தேறிவிட்டால் இதயம் முழுக்க நலம் என்று நினைத்துவிடக் கூடாது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே இருக்கும் பெரிய ஓட்டை இதில் தப்பிவிடும். அது தன் வேலையைக் காட்டுவது பெரும்பாலும் ஒரு மாதத்துக்குப் பிறகுதான். அதனால் அடுத்த படி வீட்டில் இருக்கிறது.

படி 3: பால் குடிக்கும்போது குழந்தையைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் கடும் உழைப்பு. இதயம் தடுமாறினால் முதலில் அங்கேதான் தெரியும். நாலு முறை உறிஞ்சும், விட்டுவிடும், மூச்சு வாங்கும், மறுபடி உறிஞ்சும். அரை மணி நேரம் ஆகியும் பசி ஆறாது. களைத்துத் தூங்கிவிடும், சற்று நேரத்தில் அழுதுகொண்டு எழும். மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெற்றியும் தலையும் வியர்த்திருக்கும். ‘பால் பத்தலை, புட்டிப்பால் கொடு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தாய் தன்னிடம்தான் குறை என்று நம்பிவிடுவாள். இப்படியே ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடும்.

குழந்தை அமைதியாக இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்குமேல் ஒரு வயது வரை 50; இதை எட்டினாலோ தாண்டினாலோ மருத்துவர் பார்க்க வேண்டும். விலா எலும்புகளுக்குக் கீழே உள்வாங்கினால் காத்திருக்கவே கூடாது.

எடை இன்னொரு சாட்சி. நலமான குழந்தை ஐந்து மாதத்துக்குள் பிறந்த எடையைப் போல் இரு மடங்காகிவிடும். அங்கன்வாடியில் எடை போட்டுக் கோடு வரையும் அட்டையை வாங்கிப் பாருங்கள். கோடு படுத்துவிட்டால் சத்துமாவு மட்டும் போதாது. இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி, திரும்பத் திரும்ப நிமோனியா என்று வந்தாலும் அப்படித்தான்.

நீலம் பாய்வதை நகத்தில் தேடாதீர்கள். மாநிறக் குழந்தைகளிடம் அது ஏமாற்றும், குளிரிலும் நகம் நீலமாகும். நாக்கையும் ஈறையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அழும்போது நாக்கு நாவற்பழம் தின்றதுபோல் ஆனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நீலம் திடீரென்று கூடிக் குழந்தை துவண்டால், முழங்கால்களை மடக்கி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள்.

படி 4: யாரிடம் சொல்வது

முதலில் உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர். தாயின் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணும் குழந்தையின் தடுப்பூசிக் கணக்கும் அவரிடம் இருக்கின்றன. அடுத்தது, 2013இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டம். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பிறவிக் குறைகள் உள்ளிட்ட 30 உடல்நலச் சிக்கல்களைக் கண்டறிந்து, சிகிச்சைக்கு அனுப்பும் திட்டம் அது. அதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அடுத்த வருகைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் அந்தக் குழுவின் மருத்துவரோடு பேசவைப்பார்கள்.

அந்தக் குழு குழந்தையை அனுப்புகிற இடம் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம். டி.இ.ஐ.சி. என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். அங்கே குழந்தையின் பெயர் பதிவாகிவிட்டால் அடுத்தடுத்த கடிதங்கள் அங்கிருந்தே கிளம்பும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு அழைத்துக் கேட்கலாம்.

கேரளம் 2017இல் தொடங்கிய ‘ஹிருத்யம்’ திட்டத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். குழந்தை எந்த மூலையில் பிறந்திருந்தாலும் பெயரை இணையத்தில் பதிகிறார்கள். நிபுணர்கள் அறிக்கையைப் பார்த்து அவசரத்தைத் தரம் பிரிக்கிறார்கள். அதற்கேற்ப மருத்துவமனை ஒதுக்கப்படுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படுக்கை தேடி அலைகிற வேலையைப் பெற்றோரிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்படி ஒரே பட்டியல் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

படி 5: எக்கோ எடுத்தபின் கேட்க வேண்டியவை

எக்கோவைக் குழந்தை இதய மருத்துவர் எடுத்தாரா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு எடுத்துப் பழகியவர்கள் கைக்குழந்தையின் சிக்கலான குறைகளைத் தவறவிடக்கூடும். ‘இதயத்தில் ஓட்டை’ என்று மட்டும் சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். எந்த ஓட்டை, எவ்வளவு பெரியது, நுரையீரலில் அழுத்தம் ஏறியிருக்கிறதா, தானாக மூடுமா, எந்த மாதத்துக்குள் அறுவை செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைசிக் கேள்விதான் உயிர்க்கேள்வி. இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம்மாறிப் பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களிலேயே அறுவை முடிய வேண்டும். கீழறைகளின் நடுவே பெரிய ஓட்டை என்றால், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். நீலக் குழந்தைகளில் அதிகம் காணப்படும் ‘ஃபாலோ’ நான்மைக் குறைக்கு, பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள். மேலறைகளின் நடுவே உள்ள ஓட்டைக்கு அவசரம் இல்லை. மூன்று நான்கு வயது வரை பார்க்கலாம்.

பெரிய ஓட்டையை விட்டுவைத்தால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகிவிடும். அதன் பிறகு ஓட்டையை மூடுவதே ஆபத்து. தூரத்து ஊர்களிலிருந்து நான்கு வயதில், ஆறு வயதில் முதன்முறையாக வரும் குழந்தைகளில் சிலரிடம் மருத்துவர்கள் ‘காலம் கடந்துவிட்டது’ என்று சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

படி 6: காப்பீட்டு அட்டையை இன்றே எடுங்கள்

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. குழந்தைகளின் இதய அறுவைகளும் அதில் அடக்கம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து, குழந்தையின் எக்கோ அறிக்கையைக் காட்டி விரைவுபடுத்தச் சொல்லுங்கள். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993.

குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறவில்லையே என்று தயங்கி நிற்காதீர்கள். பிறப்புச் சான்றோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள்.

எல்லா மருத்துவமனையும் திட்டத்தில் இல்லை. திட்டத்தில் இருக்கும் மருத்துவமனையிலும் எல்லா அறுவையும் நடப்பதில்லை. நாகர்கோவில்காரருக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனம் 70 கிலோமீட்டர்தான், சென்னையோ 700 கிலோமீட்டர். பக்கத்தில் இருப்பது வேறு மாநிலம் என்பதால் அட்டை செல்லுமா என்பதைக் கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டில் இடமில்லாதவர்களுக்கு, புட்டபர்த்தியிலும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலும் உள்ள சத்ய சாய் உயர் மருத்துவ நிறுவனங்கள் கட்டணமே இல்லாமல் இதய அறுவை செய்கின்றன.

படி 7: பயணம்

பச்சிளங் குழந்தையை அவசரமாக மாற்றும்போது அனுப்பும் மருத்துவர் போய்ச்சேரும் மருத்துவமனைக்குப் பேசிப் படுக்கையை உறுதிசெய்ய வேண்டும். சில நீலக் குழந்தைகளுக்கு, பிறந்ததும் மூடிக்கொள்ளும் ஒரு ரத்தக் குழாயைத் திறந்தே வைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே கொண்டுபோக வேண்டும். அதற்குக் கருவியும் ஆளும் உள்ள 108 பச்சிளங் குழந்தை ஆம்புலன்ஸ் தேவை. வாடகைக் காரில் துணி சுற்றிக் கொண்டுபோவது பெரிய ஆபத்து. வழியில் உடல் குளிர்ந்தாலே குழந்தை பாதி தோற்றுவிடும்.

நாள் குறித்துப் போகும் அறுவை என்றால் ரயிலே நல்லது. இதய அறுவைக்குப் போகும் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதக் கட்டணச் சலுகை இருக்கிறது. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, நிலையத்து முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும்.

எல்லா அறிக்கைகளையும் கைபேசியில் படமெடுத்து இரண்டு பேரிடம் வைத்திருங்கள். ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள். அந்த ஊரில் இருக்கும் சொந்தக்காரர், கல்லூரியில் படிக்கும் ஊர்ப் பிள்ளைகள் என்று முன்பே சொல்லிவையுங்கள். தங்குமிடம், சாப்பாடு, இழந்த கூலி இவற்றை எந்தக் காப்பீடும் தருவதில்லை. தூரத்துக் குடும்பங்கள் பாதி வழியில் சிகிச்சையை விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தச் செலவால்தான்.

படி 8: காத்திருக்கும்போதும் திரும்பியபின்பும்

அறுவைக்குமுன் எடை ஏற்றுவது பெற்றோர் கையில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால் கொடுங்கள். உறிஞ்ச முடியாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். நீர் பிரிய வைக்கும் மருந்தின் அளவு குழந்தையின் எடைக்கேற்ப மாறும். மாதக்கணக்கில் பழைய சீட்டையே காட்டி வாங்காதீர்கள். ‘இதயக் குழந்தைக்கு ஊசி ஆகாது’ என்று தடுப்பூசியை நிறுத்திவிடும் வழக்கம் தவறு. நிமோனியாவும் தட்டம்மையும் இந்தக் குழந்தைகளைத்தான் கடுமையாகத் தாக்கும்.

அறுவை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று ஊரில் சொல்வார்கள். பல குறைகளுக்கு வாழ்நாள் முழுதும் பரிசோதனை வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை சென்னை போக முடியாது என்றால், எந்தப் பரிசோதனையை மாவட்டத்திலேயே செய்யலாம், எதற்கு நேரில் வர வேண்டும் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பல்லைச் சுத்தமாக வைத்திருங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தின் உட்சுவரைப் பிடிக்கலாம்.

மற்றப் பிறவிக் குறைகள், சுருக்கமாக

வளைந்த பாதத்துக்கு முதல் சில வாரங்களிலேயே வாராவாரம் மாவுக்கட்டு மாற்றும் பொன்செட்டி முறை தொடங்க வேண்டும். பெரும்பாலும் பெரிய அறுவையே தேவைப்படாது. ஆனால் நான்கைந்து வயது வரை இரவில் சிறப்புக் காலணி போட வேண்டும். அதை நடுவில் விட்டால் பாதம் மறுபடி வளையும். பிளந்த உதட்டுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகும், அண்ணத்துக்கு ஒன்பது மாதத்துக்குப் பிறகும் அறுவை செய்கிறார்கள். ஸ்மைல் டிரெய்ன் அமைப்போடு சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். கண்மணியில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பிறவிக் கண்புரைக்கு முதல் இரண்டு மாதத்துக்குள் அறுவை நடந்தால்தான் பார்வை முழுதாக வளரும். காது கேட்கிறதா என்பதை ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்

கிரகணத்தன்று வெளியே போனாள், அதனால் உதடு பிளந்தது என்பார்கள். எதையோ தின்றாள், யாரோ கண் வைத்தார்கள் என்பார்கள். எதுவும் உண்மை இல்லை. கருவில் இதயம் உருவாகி முடிவது எட்டாவது வாரத்துக்குள். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே உறுதியாகியிருக்காத காலம் அது. பெரும்பாலான குறைகளுக்குக் குறிப்பிட்ட காரணம் ஒன்றைச் சொல்லவே முடியாது. நெருங்கிய உறவுத் திருமணம் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது இரண்டு குடும்பமும் கூடி எடுத்த முடிவு. பழி சுமக்கும் தாய் குழந்தையை மறைத்து வைப்பாள், மறைத்தால் நாள் போகும்.

ஊரில் கேட்க வேண்டியது

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போனால் இந்த மூன்றையும் கேளுங்கள்: நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பச்சிளங் குழந்தைக்கான சென்சாரோடு பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறதா? பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் பார்க்கிறார்களா? நடமாடும் மருத்துவக் குழு நம் அங்கன்வாடிக்குக் கடைசியாக என்றைக்கு வந்தது? பதில் இல்லையென்றால் தீர்மானமாக எழுதி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இல்லாவிட்டாலும் கேளுங்கள்.